பயணம் போகும் ஊர்களிலிருந்து நினைவாக எதைக் கொண்டுவருவீர்கள்?

புக்மார்க். நல்ல தமிழில் பக்க அடையாளம் என்று சொல்லலாம். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் 'அட்டை', எதில் செய்திருந்தாலும்.

மன்னார்குடியில் இரண்டு அறை வாடகை வீடு எங்களுக்கு. தலையாட்டி பொம்மை ஒரு ஜோடி வாங்கினாலே வைக்க இடம் தேட வேண்டும். நாச்சியார்கோவில் குத்துவிளக்கோடு டவுன் பஸ் ஏறியவர்களுக்கு மிச்சம் புரியும். அட்டை என்றால் இருக்கிற புத்தகத்துக்குள்ளேயே போய்விடும்.

ஆனால் நம் பக்கத்துக் கடைகளில் புக்மார்க் கேட்டால் பேனா எடுத்துக் காட்டுவார்கள். அதனால் கிடைப்பதை வைக்க ஆரம்பித்தேன். திருபுவனத்தில் ஒரு நெசவாளர் வீட்டுத் திண்ணையில், சேலை அறுத்தபின் மிஞ்சிய பட்டுத் துண்டைக் கேட்டு வாங்கினேன். விரல் அகலம், ஓரத்தில் கொஞ்சம் ஜரிகை. சுவாமிமலை அர்ச்சனைச் சீட்டு ஒன்று உண்டு. பஸ் டிக்கெட் மட்டும் வேண்டாம். மெஷினில் அடித்துத் தரும் டிக்கெட்டில் எழுத்து சில மாதங்களில் மங்கி வெறும் வெள்ளைத்தாள் ஆகிவிடுகிறது. நீர்ச்செடியின் தண்டில் செய்யும் தஞ்சாவூர் நெட்டி வேலைப்பாடு அழகுதான், பக்கங்களுக்கு நடுவே நொறுங்கிவிடும். வெளியூரில் ஆசைப்பட்டு வாங்கிய இரும்புத் தகடு ஒன்று ஐப்பசி அடைமழையில் துருப்பிடித்து, இரண்டு பக்கங்களில் கறையை விட்டுப் போனது. காசு கொடுத்து வாங்கியதில் உருப்பட்டது ஏதுமில்லை!

தரங்கம்பாடியில் எல்லோரும் கடலையும் டேனிஷ் கோட்டையையும் பார்ப்பார்கள். நான் கடுதாசிப்பட்டறைக்கும் போனேன். 1706-இல் வந்திறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு, தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சடித்த காலத்தில் காகிதம் செய்யப் பட்டறை போட்ட இடம். பொறையாறு பக்கம். பட்டறை போய் எவ்வளவோ காலம் ஆகிவிட்டது, பெயர் இன்னும் இருக்கிறது. அங்கே எடுத்துவர ஒன்றும் கிடைக்கவில்லை. பெயரை ஒரு துண்டுக் கடுதாசியில் எழுதி வைத்துக்கொண்டேன்.

எனக்குப் பிடித்த அட்டைக்குக் காரணம் தஞ்சை சரஸ்வதி மகால். கண்ணாடிக்குப் பின்னால் ஓலைச்சுவடிகளைப் பார்த்தபோது உ.வே.சா. தம் சரித்திரத்தில் எழுதியது நினைவுக்கு வந்தது. சுவடித் துளையில் கோக்கும் கயிறு முழுவதும் ஓடிவிடாமல் இருக்க, பனையோலையை ஈர்க்கோடு சேர்த்துக் கிளியின் மூக்குப்போலக் கத்தரித்து நுனியில் கட்டுவார்களாம். அதற்குப் பெயரே கிளிமூக்கு. ஊர் திரும்பியதும் ஓர் ஓலை வாங்கி நானும் கத்தரித்தேன். முதல் நாலைந்து காக்காய் மூக்காகத்தான் வந்தன. ஒன்று தேறியது, நூல் கட்டி வைத்திருக்கிறேன். பக்கத்தின் மேல் கிளி எட்டிப் பார்க்கிறது.

சேர்த்ததையெல்லாம் ஆல்பத்தில் பூட்டி வைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. எங்கள் ஊரில் 1931-லேயே மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமம் கிராமமாகப் போயிருக்கிறார்கள். மேலவாசல் கனகசபைப் பிள்ளை நடத்தினார், சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் தொடங்கி வைத்தார். என்னிடம் வண்டி இல்லை, ஒரு துணிப்பை உண்டு. தெருவில் யார் புத்தகம் கேட்டாலும் ஓர் அட்டையை உள்ளே வைத்துக் கொடுப்பேன். பக்க முனையை மடிக்காதீர்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை பாருங்கள்.

போன மாதம் எதிர்வீட்டுப் பெண் ஒரு நாவலைத் திருப்பிக் கொடுத்தாள். ஒன்பதாவது படிக்கிறாள். உள்ளே திருபுவனம் பட்டைக் காணோம். "அதை நானே வெச்சுக்கட்டுமாக்கா?" என்றாள். பதிலுக்கு ஓர் அரசிலை வைத்திருந்தாள், தண்ணீரில் ஊறவைத்துச் சதை போய் நரம்பு மட்டும் வலைபோல நிற்கிற இலை. எங்கள் ஊர் ஹரித்ராநதித் தெப்பக்குளக் கரையில் பொறுக்கியதாம். சரி, பட்டு போனால் போகட்டும்.

இலை 112-ஆம் பக்கத்தில் இருந்தது. நாவல் 340 பக்கம். நான் ஒன்றும் கேட்கவில்லை. இலையோடு அவளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.