சேஃப்டி எங்கே நின்றான்? – கடிதம்

அன்புள்ள ஐயா,

அமெரிக்கக் கால்பந்து பற்றி நீங்கள் அவ்வப்போது எழுதுவதைத் தொடர்ந்து படிக்கிறேன். நாங்கள் டெக்சாஸில் இருக்கிறோம். மகன் பதினொன்றாம் வகுப்பு, பள்ளி அணியில் கார்னர்பேக், அதாவது எதிரணியின் ரிசீவரை (பாஸைப் பிடிக்க ஓடுபவரை) ஓரத்தில் தடுப்பவன். போன வெள்ளிக்கிழமை ஆட்டத்தில் அவன் பக்கமாக எதிரணியின் ஒரு நீண்ட பாஸ் போய் டச் டவுன் (பந்தோடு எல்லைக்கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுப்பது) ஆகிவிட்டது. எனக்குப் பின்வரிசையில் இருந்தவர்கள் அவன் நம்பரைச் சொல்லித் திட்டினார்கள். அன்று இரவு அவன் சாப்பிடவில்லை. மறுநாள் கோச் ஆட்டத்தின் வீடியோவை ஹடல் என்ற வீடியோ தளத்தில் ஏற்றி, எல்லோரும் பார்த்துவிட்டு வரச் சொல்லியிருந்தார். நானும் அவனோடு உட்கார்ந்து பார்த்தேன். ரிசீவர் அவனைத் தாண்டி ஓடுகிறான், பந்து வருகிறது, பிடிக்கிறான். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். இந்த ஃபிலிமில் கோச்சுகள் என்னத்தைப் பார்க்கிறார்கள்? கிளிப்பை இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

இன்னொன்று. 2015 சூப்பர் பவுல் இறுதிப் போட்டியில் சியாட்டில் அணி கடைசி நிமிடத்தில் ஓட்டக்காரர் லின்ச்சிடம் பந்தைக் கொடுக்காமல் பாஸ் போட்டது மடத்தனம் என்று இங்கே இன்றைக்கும் பேசுகிறார்கள். உங்கள் கருத்து என்ன?

க. ர.

*

அன்புள்ள க. ர.,

முதலில் உங்கள் மகன் விஷயம். கிளிப்பைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். என் கணிப்பில் அந்த டச் டவுன் அவன் கணக்கில் எழுத வேண்டியது அல்ல. ஏன் என்று சொல்கிறேன்.

பந்து நகர்வதற்கு முன்பே வீடியோவை நிறுத்துங்கள். இரண்டாவது டவுன், அதாவது நான்கு முயற்சிகளில் இரண்டாவது, 6 யார்டு தேவை. உங்கள் மகன் பக்கத்தில் இரண்டு ரிசீவர்கள்: ஒருவன் வெளிக்கோட்டை ஒட்டி, இன்னொருவன் உள்ளே தள்ளி ஸ்லாட்டில். மகன் வெளி ரிசீவருக்கு எதிரே ஐந்து யார்டு தள்ளி நிற்கிறான். எப்படி நிற்கிறான் என்று பாருங்கள். முதுகு வெளிக்கோட்டுப் பக்கம், முகம் மைதானத்தின் உள்பக்கம், கண் ரிசீவர் மேல் இல்லை, பந்தை எறியும் குவார்ட்டர்பேக் மேல். ரிசீவரோடு கடைசிவரை ஓட வேண்டிய கார்னர்பேக் இப்படி நிற்க மாட்டான். பின்னால் கடைசித் தடுப்பாளர்களான இரண்டு சேஃப்டிகள், பன்னிரண்டு பதிமூன்று யார்டு ஆழத்தில், ஆளுக்கொரு பாதியைப் பிரித்துக்கொண்ட மாதிரி நிற்கிறார்கள். இது கவர் 2 என்ற ஸோன் (ஆளை அல்ல, இடத்தைக் காக்கும்) அமைப்பின் தோற்றம். இதில் ஆழம் முழுக்க அந்த இரண்டு சேஃப்டிகளின் பொறுப்பு. கார்னர்பேக்கின் வேலை வெளி ரிசீவரைக் கையால் தடுத்து வேகத்தைக் குறைத்துவிட்டு, தன் பக்கம் குறுக்கே வருகிற குட்டைப் பாஸைக் காப்பது.

இப்போது ஓட்டுங்கள். குவார்ட்டர்பேக் பந்தைக் கையில் வாங்கி ஓடும் ரன்னிங் பேக்கிடம் கொடுப்பதுபோல் பாவனை காட்டுகிறான். உங்கள் மகன் பக்கத்துச் சேஃப்டி அதை நம்பி மூன்று எட்டு முன்னால் வருகிறான். அதே நேரத்தில் ஸ்லாட் ரிசீவர் வெளிக்கோட்டை நோக்கித் திரும்புகிறான். உங்கள் மகன் வெளி ரிசீவரை விட்டுவிட்டு ஸ்லாட்டைப் பிடிக்கப் போகிறான். கவர் 2 என்றால் அதுதான் சரி. வெளி ரிசீவர் ஓடிக் கடக்கும் இடத்தில் சேஃப்டி இருந்திருக்க வேண்டும். அவன் திரும்பி ஓடத் தொடங்கும்போது பந்து காற்றில் இருக்கிறது.

இது கவர் 2தான் என்று எனக்கு உறுதி தந்தது வேறொன்று. எதிர்ப்பக்கத்துக் கார்னர்பேக்கைப் பாருங்கள். பந்து போகாத பக்கம் என்பதால் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். அவனும் தன் ரிசீவரைக் கையால் தட்டிவிட்டு, பின்னால் ஓடாமல் அங்கேயே நிற்கிறான். இரண்டு ஓரத்திலும் இரண்டு பையன்கள் ஒரே காரியத்தைச் செய்கிறார்கள் என்றால், அவர்களுக்கு அப்படித்தான் சொல்லப்பட்டிருக்கிறது.

ஆனாலும் கோச் அழைத்த கவரேஜ் (தடுப்பு அமைப்பு) எது என்று அவரிடமே மகன் கேட்கட்டும். அழைத்தது கவர் 4, அதாவது ஆழத்தை நான்கு பேர் பிரித்துக்கொள்ளும் அமைப்பு என்றால், அந்த ஓரத்து ஆழம் அவனுடையது, அப்போது நான் சொன்னது அத்தனையும் மாறிவிடும். வெளியிலிருந்து ஃபிலிம் பார்க்கிற யாருக்கும் இந்த எல்லை உண்டு.

மகனுக்கு ஒரு குறையும் சொல்ல வேண்டும். ரிசீவரை அவன் ஒரு கையால் லேசாகத் தொட்டதோடு சரி. வெளிக்கோட்டுப் பக்கம் வழி திறந்தே கிடந்தது. கவர் 2 கார்னர்பேக் அந்த வழியை அடைத்து ரிசீவரை உள்பக்கம் தள்ள வேண்டும். அப்போதுதான் சேஃப்டி ஓடிவர வேண்டிய தூரம் குறையும். ரிசீவர் முழு வேகத்தில் கோட்டை ஒட்டிப் போய்விட்டால் சேஃப்டி சரியான இடத்தில் இருந்தாலும் கஷ்டம்தான்.

அப்புறம், தயவுசெய்து இந்த விளக்கத்தை வைத்து அந்தச் சேஃப்டி பையனைக் குற்றவாளி ஆக்கிவிடாதீர்கள். ரன் வந்தால் முன்னேறி வந்து மறிப்பதும் அவன் வேலைதான். இரண்டு வேலைக்கு நடுவில் இருக்கிறவனை ஏமாற்றத்தான் அந்தப் பாவனையே. அவனும் அன்று இரவு சாப்பிட்டிருக்க மாட்டான்.

இனி, கோச்சுகள் என்ன பார்க்கிறார்கள் என்ற கேள்வி. தொலைக்காட்சிக் கேமரா பந்தின் பின்னாலேயே போகும். பந்து எறியப்பட்ட பிறகுதான் ரிசீவரும் கார்னர்பேக்கும் திரையில் வருவார்கள். சேஃப்டி எங்கே நின்றான், எப்போது நகர்ந்தான் என்பது பெரும்பாலும் திரைக்கு வெளியிலேயே நடந்து முடிந்துவிடும். அதனால்தான் கோச்சுகளுக்கு ஆல்-22 என்ற தனிப் படம். உயரத்திலிருந்து இருபத்திரண்டு பேரும் தெரியும்படி பக்கவாட்டில் ஒரு கோணம், எண்ட் ஸோனுக்குப் (மைதானத்தின் இரு முனைகளிலும் உள்ள புள்ளி எடுக்கும் பகுதிக்குப்) பின்னாலிருந்து இன்னொரு கோணம். தொழில்முறை லீகான என்எஃப்எல் இதைப் பொது ரசிகர்களுக்குத் திறந்துவிட்டது 2012இல்தான். பள்ளி அணிகளுக்கு இன்று ஹடல் இருக்கிறது. 2006இல் நெப்ராஸ்காவின் லிங்கனில் தொடங்கிய நிறுவனம்.

இந்த வேலைக்குத் தன்னைக் கொடுத்தவர் என்றால் என் மனதில் முதலில் வருபவர் நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் அணியின் கோச்சாக இருந்த பில் பெலிசிக். அப்பா ஸ்டீவ் பெலிசிக் கடற்படை அகாடமி அணிக்கு எதிரணிகளை உளவு பார்த்துக் குறிப்பெழுதியவர். அந்த முறைகளைப் பற்றி 1962இல் ஒரு புத்தகமே எழுதினார். மகன் சின்ன வயதிலேயே அப்பா பக்கத்தில் உட்கார்ந்து ஃபிலிம் பார்க்கப் பழகியவர். 1975இல் பால்டிமோர் கோல்ட்ஸ் அணியில் வாரம் 25 டாலர் சம்பளத்துக்கு ஃபிலிம் பிரித்துக் குறித்துக் கொடுப்பதுதான் அவருடைய முதல் வேலை.

பிரிப்பது என்றால் ஒவ்வொரு பிளேவுக்கும் எத்தனையாவது டவுன், எத்தனை யார்டு தேவை, எந்த இடம், யார் யார் களத்தில், எந்த அமைப்பு, என்ன நடந்தது என்று எழுதுவது. அலுப்பூட்டும் வேலை. ஆனால் ஒரு அணியின் நாலைந்து ஆட்டத்தை இப்படி எழுதிவிட்டால் பழக்கங்கள் தாமாக வெளியே வரும். மூன்றாவது டவுனில் நீண்ட தூரம் என்றால் பிளிட்ஸ் (குவார்ட்டர்பேக் மேல் கூடுதல் ஆட்கள் பாய்வது) எந்தப் பக்கமிருந்து வருகிறது, இரண்டு ரிசீவர்கள் முன்னும் பின்னுமாக நின்றால் யார் எங்கே ஓடுகிறார்கள் என்பதெல்லாம் தெரிந்துவிடும். பந்து வீசுவதற்கு முன் ஃபீல்டிங் அமைப்பைப் பார்த்தே பவுலரின் திட்டத்தைச் சொல்லிவிடும் கிரிக்கெட் ரசிகர்கள் நம்மிடம் உண்டு. அதே கண்தான் இங்கும் வேண்டும்.

நீங்கள் ஆரம்பிக்கும்போது சேஃப்டிகளிலிருந்து ஆரம்பியுங்கள். ஆழத்தில் இரண்டு பேரா, ஒருவரா? ஒருவர் நடுவில் என்றால் பெரும்பாலும் கவர் 1 அல்லது கவர் 3. எதிரணி ரிசீவர் ஒருவர் ஸ்னாப்புக்கு (பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டம் தொடங்குவதற்கு) முன் குறுக்கே ஓடும்போது, ஒரு தடுப்பாளர் கூடவே ஓடினால் மேன் கவரேஜ் (ஆளுக்கு ஆள் தடுப்பு) என்று எடுத்துக்கொள்ளலாம். யாரும் கூட ஓடாமல் எல்லோரும் ஓரடி நகர்ந்துகொண்டால் ஸோன். நல்ல தடுப்பு அணிகள் இதையும் பொய்யாகக் காட்டும் என்பதால் ஸ்னாப் ஆன முதல் நொடியில் சேஃப்டிகள் எந்தப் பக்கம் போகிறார்கள் என்பதைத்தான் நம்ப வேண்டும். முன்வரிசை லைன்மேன்களைப் பார்க்க எண்ட் ஸோன் கோணம் நல்லது, அதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

ஃபிலிம் ஒரு ஆட்டத்தையே எப்படி மாற்றும் என்பதற்கு 2019 பிப்ரவரியில் அட்லாண்டாவில் பேட்ரியாட்ஸும் ராம்ஸும் மோதிய சூப்பர் பவுல் ஒரு உதாரணம். கோச் சீன் மெக்வேயின் லாஸ் ஏஞ்சல்ஸ் ராம்ஸ் அந்த சீசனில் அதிகப் புள்ளிகள் எடுத்த அணிகளில் இரண்டாவது. ஓரத்தை நோக்கி நீளும் ஓட்டம், அதையே பாவனையாகக் காட்டிப் பாஸ் என்று இரண்டையும் ஒன்றாகப் பின்னிய ஆட்டம் அது. ஆனால் 2018 டிசம்பரில் சிகாகோவின் தடுப்பாட்டக் கோச் விக் ஃபாஞ்சியோவின் தடுப்பாட்டம் அவர்களை நிறுத்தியிருந்தது. சிகாகோ பேர்ஸ் 15, ராம்ஸ் 6. லைனில் ஆறு பேரை நிறுத்தி ஓரங்களை அடைத்தார்கள், பின்னால் ஸோன். அந்த சீசன் முழுக்க மேன் கவரேஜையே பெரிதும் நம்பியிருந்த பேட்ரியாட்ஸ், சூப்பர் பவுலில் லைனில் ஆறு பேர், பின்னால் கவர் 4 என்று வந்து நின்றார்கள். ராம்ஸ் எடுத்தது மொத்தம் 3 புள்ளிகள். கடைசியில் 10-3 என்று பேட்ரியாட்ஸ் முன்னிலையில் இருக்கும்போது அவர்களுடைய சேஃப்டி டுரான் ஹார்மன் தடையே இல்லாமல் பாய்ந்து வர, ராம்ஸ் குவார்ட்டர்பேக் ஜாரெட் காஃப் பின்வாங்கியபடி தூக்கி எறிந்த பந்தை பேட்ரியாட்ஸின் ஸ்டெஃபான் கில்மோர் பிடித்தார். அடிப்படை யோசனை சிகாகோவின் ஃபிலிமில் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி கிடந்தது. சீசன் முழுக்கப் பழகியதை விட்டுவிட்டு அதை எடுத்தாள்வதற்குத்தான் துணிச்சல் வேண்டும்.

சரி, லின்ச் விவகாரம். 2015 பிப்ரவரி 1, அரிசோனாவின் கிளெண்டேல். பேட்ரியாட்ஸ் 28, சியாட்டில் 24. முதல் டவுனில் சியாட்டிலின் மார்ஷான் லின்ச் ஓடினார், பேட்ரியாட்ஸ் லைன்பேக்கர் டோன்டா ஹைடவர் அவரை எண்ட் ஸோனுக்கு 1 யார்டு முன்னால் சாய்த்தார். கையில் டைம்அவுட் இருந்தும் பெலிசிக் எடுக்கவில்லை. கடிகாரம் ஓடி, அடுத்த ஸ்னாப்பின்போது மீதி 26 விநாடி. சியாட்டிலிடம் ஒரே ஒரு டைம்அவுட். மூன்று முயற்சியும் ஓட்டமாகவே போனால் கடைசி முயற்சிக்கு நேரம் இல்லாமல் போகலாம். எனவே நடுவில் ஒன்றாவது பாஸாக இருக்க வேண்டும், தவறினாலும் கடிகாரம் நின்றுவிடும். சியாட்டில் கோச் பீட் கேரலின் இந்தக் கணக்கில் எனக்குக் குறை தெரியவில்லை. அந்த சீசனில் அதுவரை 1 யார்டிலிருந்து வீசிய பாஸ் எதுவும் இண்டர்செப்ட் (தடுப்பாளரால் பறிக்கப்படுவது) ஆகியிருக்கவில்லை. எதிரே பேட்ரியாட்ஸின் கனத்த ஆட்கள் லைனை அடைத்து நின்றார்கள், கூடவே மூன்று கார்னர்பேக்குகள். பாஸ் மடத்தனம் இல்லை. எந்தப் பாஸ் என்பதில்தான் எனக்கு வருத்தம். அத்தனை நெரிசலுக்குள் உள்நோக்கி வீசும் ஸ்லாண்ட்டைவிட, எண்ட் ஸோன் மூலைக்குத் தூக்கி எறிந்திருந்தால் ஒன்று நம் ஆள் பிடிப்பார், இல்லையென்றால் பந்து வெளியே போகும்.

இப்போது ஃபிலிமைப் பாருங்கள், அந்தப் பாஸைப் பறித்த பேட்ரியாட்ஸ் கார்னர்பேக் மால்கம் பட்லரைப் பார்க்காமல். வலப்பக்கத்தில் சியாட்டிலின் இரண்டு ரிசீவர்கள்: ஜெர்மெய்ன் கியர்ஸ் முன்னால், ரிக்கார்டோ லாக்கெட் பின்னால். கியர்ஸ் உள்ளே பாய்ந்து பட்லரின் வழியை மறிக்க வேண்டும், அந்த மறைவில் லாக்கெட் பந்தைப் பிடிக்க வேண்டும். இதுதான் திட்டம். கியர்ஸுக்கு எதிரே நிற்பவர் பேட்ரியாட்ஸ் கார்னர்பேக் பிரண்டன் பிரவுனர், முந்தைய சீசன்களில் சியாட்டிலுக்கே ஆடியவர். ஸ்னாப் ஆனதும் இரண்டு கையையும் கியர்ஸின் மார்பில் வைத்து, நின்ற இடத்திலேயே நிறுத்திவிடுகிறார். கியர்ஸால் ஓரடிகூட உள்ளே வர முடியவில்லை. பட்லருக்கு முன்னால் பாதை திறந்து கிடக்கிறது. அவர் நேர்க்கோட்டில் பாய்ந்து லாக்கெட்டுக்கு முன் பந்தை எடுத்துவிடுகிறார்.

சியாட்டிலின் ஃபிலிமில் இந்த அமைப்பைப் பார்த்து வைத்திருந்த பேட்ரியாட்ஸ் கோச்சுகள், பயிற்சியில் தங்கள் மாற்று வீரர்களை வைத்து இதையே ஆட வைத்திருந்தார்கள். அன்று பட்லர் மறிப்பைச் சுற்றிப் போய்த் தாமதமானார், பந்து பிடிக்கப்பட்டது. டிராஃப்டில் (அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் சுற்றில்) எந்த அணியும் எடுக்காத, முதல் சீசன் ஆடிய பையன். பயிற்சியில் தோற்ற அந்த ஒரு பிளேயை மறக்காமல் வைத்திருந்தது அவருடைய பெருமை. ஆனால் பிரவுனரின் இரண்டு கைகள் இல்லாமல் அந்த இண்டர்செப்ஷன் இல்லை. பிரவுனரின் பெயரை அந்த ஆட்டத்தோடு சேர்த்துச் சொல்பவர்கள் குறைவாக இருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். உங்கள் மகனிடம் அந்தக் கைகளைக் காட்டுங்கள், அவனுக்குப் பழக வேண்டியது அதுதான்.

அதற்கு அடுத்த பிளேயையும் விட்டுவிடாதீர்கள். பந்து இப்போது பேட்ரியாட்ஸிடம், ஆனால் அவர்களுடைய சொந்த 1 யார்டு பக்கத்தில். அவர்களுடைய குவார்ட்டர்பேக் டாம் பிரேடி சும்மா முழங்காலிட்டு நேரத்தைக் கடத்த முடியாது. முழங்காலிட்டால் தன் எண்ட் ஸோனுக்குள்ளேயே விழுந்து, 2 புள்ளியும் பந்தும் சியாட்டிலுக்குப் போய்விடும். பிரேடி ஸ்னாப் எடுக்காமல் குரலை மட்டும் ஏற்றி இறக்குகிறார். சியாட்டிலின் மைக்கேல் பென்னட் பொறுக்க முடியாமல் கோட்டைத் தாண்டிவிடுகிறார். 5 யார்டு தண்டனை, மூச்சுவிட இடம் கிடைத்துவிட்டது. எண்ட் ஸோன் கோணத்தில் பென்னட்டின் முன்னங்காலை மட்டும் கவனித்துப் பாருங்கள்.

அன்புடன்.