யாரோ புக் செய்து எடுக்காமல் விட்ட மின்சாரக் காரை வாங்கலாமா?

நீங்கள் கேட்டிருப்பது இது: ஷோரூமில் ஒரு மின்சாரக் கார் நிற்கிறது, வேறொருவர் புக் செய்து வண்டி வந்தபின் எடுக்கவில்லையாம், ஏழு மாதம் ஆகிவிட்டது, 40,000 ரூபாய் குறைத்து இந்த வாரமே தருகிறோம் என்கிறார்கள், எடுக்கலாமா?

எடுக்கலாம். ஆனால் 40,000 போதாது. வண்டி எப்படி நின்றது என்று தெரியாமல் முன்பணமும் கொடுக்காதீர்கள். நான் இதே மாதிரி ஒரு வண்டியைத்தான் 2024 ஜனவரியில் எடுத்தேன். வாரத்தில் நான்கு நாள் திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்குப் போய்வருகிறேன், போக வர 130 கிலோமீட்டர் சொச்சம், இதுவரை 41,000 ஓடிவிட்டது, நன்றாகவே இருக்கிறது. எடுப்பதற்கு முந்தைய பத்து நாள் நடந்ததைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

நான் கேட்டது வெள்ளை நிறம், எட்டு வாரம் ஆகும் என்றார்கள். அப்பாவை மாதம் இரண்டு தடவை மதுரைக்குக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டியிருந்தது, பழைய வண்டி வேறு வழியில் நின்றுகொண்டே இருந்தது, அதனால் எட்டு வாரம் என்றதும் எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அதைப் பார்த்த சேல்ஸ் தம்பி, "சார், நீலம் பரவாயில்லையா? ஒரு கேன்சலேஷன் வண்டி இருக்கு, வியாழக்கிழமையே எடுத்துக்கலாம்" என்றார்.

யார்டு பைபாஸ் ஓரத்தில், தகர வேலி அடைத்த ஒரு காலி மனை. வண்டி வேப்பமரத்தடியில் நின்றது. முன் கண்ணாடியில் ஒட்டியிருந்த சீட்டில் மார்க்கர் பேனாவால் ஒரு பெயர், வெயிலில் வெளுத்துக் கடைசி இரண்டு எழுத்து மட்டும் தெரிந்தது. தம்பி சாவியை அமுக்கினார், சத்தமே இல்லை. மறுபடி அமுக்கினார், இல்லை. கடைசியில் ரிமோட்டுக்குள் இருக்கும் இரும்புச் சாவியை உருவிக் கதவைத் திறந்தார். உள்ளே புது வண்டி வாசனையோடு அடைத்துவைத்த வீட்டின் புழுக்கமும் சேர்ந்து அடித்தது.

செத்துப்போயிருந்தது சின்ன பேட்டரி. பெட்ரோல் வண்டியில் இருக்கும் அதே 12 வோல்ட் பேட்டரி மின்சாரக் காரிலும் உண்டு. அதில் உயிர் இல்லாவிட்டால் வண்டியை ஓட்டும் பெரிய பேட்டரியில் எவ்வளவு சார்ஜ் இருந்தாலும் பயனில்லை, ஏனென்றால் பெரிய பேட்டரியை வண்டியோடு இணைக்கும் சுவிட்சுகளை மூடுவதே இந்தச் சின்னதுதான். மாதக்கணக்கில் நின்ற வண்டியில் இது முதலில் போகும், மாற்றினால் தீர்ந்தது. பயப்பட வேண்டிய விஷயம் அடுத்து வந்தது. வெளியிலிருந்து இன்னொரு பேட்டரியால் ஜம்ப் கொடுத்துத் திரையை எழுப்பியதும் பெரிய பேட்டரி 9 சதவீதம் என்று காட்டியது.

லித்தியம் பேட்டரியைச் சும்மா நிறுத்திவைக்க வேண்டுமென்றால் பாதி சார்ஜில், சூடில்லாத இடத்தில் வைப்பது நல்லது. முழுச் சார்ஜோடு வெயிலில் விடுவதும் கெடுதல், அடிமட்டத்துக்கு இறங்க விடுவதும் கெடுதல். அதனால் நான் தம்பியிடம் சொன்னது இதுதான்: சின்ன பேட்டரி புதிதாக மாற்றணும், பெரிய பேட்டரியை என் கண் முன்னால் நூறு வரைக்கும் ஏற்றணும், அப்புறம் சர்வீஸ் சென்டரில் கருவியை மாட்டி பேட்டரியின் ஆரோக்கியம் எத்தனை சதவீதம் என்று அச்செடுத்துத் தரணும். புது வண்டிக்கு யாரும் இப்படிக் கேட்பதில்லை என்று முதலில் இழுத்தார்கள். விட்டுக்கொடுக்கவில்லை. மூன்றாம் நாள் காகிதம் கைக்கு வந்தது, அளவு சரியாக இருந்தது. காரின் விலையில் பெரும் பங்கு அந்தப் பேட்டரிதான், அதைப் பார்க்காமல் சீட் கவரையும் சன்ரூஃபையும் பார்ப்பதில் என்ன இருக்கிறது?

டயரையும் குனிந்து பாருங்கள். பக்கவாட்டில் ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும், என்னுடையதில் 3123, அதாவது 2023-இன் 31-ஆம் வாரம் செய்த டயர். ஒரே இடத்தில் நின்றதால் முதல் நாள் அறுபதில் போகும்போது லேசாகத் தடதடத்தது, இருபது முப்பது கிலோமீட்டரில் சரியாகிவிட்டது. பிரேக் டிஸ்க்கில் துரு இருந்தால் அதுவும் நாலு பிரேக்கில் போய்விடும்.

காகிதங்களில்தான் அவசரப்படக் கூடாது. மாத இலக்கைக் காட்டுவதற்காகச் சில இடங்களில் வண்டியை முதல் ஆள் பெயரில் விற்றதாகக் கம்பெனி கணக்கில் ஏற்றிவிடுவார்கள். அப்படி ஏற்றியிருந்தால் பேட்டரி வாரண்டி அன்றே ஓடத் தொடங்கியிருக்கும். பல கம்பெனிகள் எட்டு வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் தருகின்றன, அதில் ஏழு மாதம் உங்களுக்குத் தெரியாமலே போயிருக்கலாம். சேஸிஸ் நம்பரை வைத்துக் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைக்கு நீங்களே போன் போட்டு வாரண்டி எந்தத் தேதியில் தொடங்குகிறது என்று கேளுங்கள். முதல் ஆள் பெயரில் ஆர்.சி. வரைக்கும் போயிருந்தால் சட்டப்படி அது இரண்டாம் கை வண்டி, அந்த விலைதான் கொடுக்க வேண்டும். வண்டியோடு கம்பெனி தரும் சான்றிதழான படிவம் 22-ஐக் கேட்டு வாங்கித் தயாரித்த மாதத்தைப் பாருங்கள். என்னுடையது 2023 ஆகஸ்ட். தயாரித்த வருஷம் முடிந்து அடுத்த வருஷத்தில் நீங்கள் எடுத்தாலும், நாளை விற்கும்போது வாங்குபவர் ஆர்.சி.யில் இருக்கும் அந்தத் தயாரிப்பு வருஷத்தைத்தான் பார்ப்பார்.

வண்டியோடு இணையும் செல்போன் ஆப்பையும் மறக்காதீர்கள். என் வண்டி இன்னொருவர் எண்ணோடு ஏற்கெனவே இணைக்கப்பட்டிருந்தது. அப்படியே விட்டிருந்தால் வண்டி எங்கே நிற்கிறது என்று அவர் போனில் தெரிந்துகொண்டே இருந்திருக்கும். அதை நீக்கி என் எண்ணைச் சேர்த்த பிறகுதான் மீதிப் பணத்தைக் கட்டினேன்.

வீட்டில் அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "ஒருத்தர் ஆசைப்பட்டு எழுதிவச்ச வண்டிப்பா, எதுக்கு விட்டாங்கன்னு தெரியாம நாம எப்படி எடுக்கறது" என்றார். ராசி பார்க்கிறார் என்று முதலில் நினைத்தேன். மறுநாள் தம்பியிடம் விசாரித்தேன், முதலில் புக் செய்தவருக்கு லோன் கிடைக்கவில்லை, வண்டி வந்து நின்ற பிறகும் இரண்டு மாதம் அலைந்து பார்த்து விட்டுவிட்டார் என்றார். வந்து சொன்னதும் அம்மா கேட்டது ஒரே கேள்வி: "அவர் கட்டின பணத்தைத் திருப்பிக் கொடுத்தாங்களா?" அது எனக்குத் தோன்றவே இல்லை. திரும்பப் போய்க் கேட்டேன், முழுதும் திருப்பிவிட்டோம் என்று ரசீது நகலையே காட்டினார்கள். அதற்கப்புறம்தான் அம்மா சரி என்றார், டெலிவரி அன்று எலுமிச்சம்பழம் வைத்ததும் அவர்தான்.

இப்போது விலை. டீலர்கள் பெரும்பாலும் வட்டிக்குக் கடன் வாங்கித்தான் வண்டியை எடுத்து வைக்கிறார்கள், நின்ற ஒவ்வொரு மாதமும் அவர்களுக்குச் செலவு, அதனால் நீங்கள் கூச்சப்படத் தேவையில்லை. எனக்கு 45,000 ரூபாய் தள்ளுபடியில் தொடங்கி 85,000 வரை குறைத்தார்கள், சின்ன பேட்டரி அவர்கள் செலவு. முதல் ஆள் கேட்டு மாட்டிய மேட், சீட் கவர் எல்லாவற்றையும் என் பில்லில் சேர்த்திருந்தார்கள், நான் கேட்காத சாமானுக்குக் காசு தர மாட்டேன் என்றதும் எடுத்துவிட்டார்கள். இன்னொன்று, மின்சாரக் கார் விலை நிற்பதில்லை. 2024 பிப்ரவரியில் பேட்டரி செல் விலை இறங்கியதைச் சொல்லி டாடா கம்பெனி நெக்ஸான் மின்சார வண்டிக்கு 1,20,000 ரூபாய் வரையும் டியாகோவுக்கு 70,000 வரையும் குறைத்தது. எனவே தள்ளுபடியை அந்த வண்டி வந்தபோது இருந்த விலையில் கணக்குப் போடாதீர்கள், இன்றைய புது விலைப்பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு அதிலிருந்து குறைக்கச் சொல்லுங்கள். வண்டி பத்து லட்சத்துக்கு மேல் என்றால் ஒரு சதவீதம் டிசிஎஸ், அதாவது விற்பவரே வாங்கி அரசுக்குக் கட்டும் வரி, பிடிப்பார்கள், அது வருமான வரிக் கணக்கில் திரும்ப வரும், செலவில் சேர்க்க வேண்டாம்.

உங்கள் வண்டி ஏழு மாதம் நின்றிருக்கிறது, என்னுடையதைவிட இரண்டு மாதம் கூடுதல். நானாக இருந்தால் ஒரு லட்சத்தில் பேச்சைத் தொடங்குவேன். போகும்போது பகலில் போங்கள், போவதாக முன்கூட்டிச் சொல்லாதீர்கள், சொன்னால் கழுவி சார்ஜ் ஏற்றி வைத்துவிடுவார்கள், எத்தனை சதவீதத்தில் நின்றது என்பது அப்புறம் தெரியாமலே போய்விடும். திரையில் காட்டும் எண்ணையும் படிவம் 22-இல் உள்ள மாதத்தையும் பார்த்ததும் கருத்துப் பகுதியில் எழுதுங்கள், எவ்வளவுக்குக் கேட்கலாம் என்று பார்ப்போம்.