முட்டிக்கு ஊசி, பல்லுக்கு லாக்கர்

(நுகர்வோர் கேள்வி-பதில். இந்த முறை வந்த தபாலில் பாதிக்கு மேல் ஸ்டெம் செல், அதாவது வேறு வகைச் செல்லாக மாறி வளரக்கூடிய மூலச் செல் சமாச்சாரம்தான். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.)

கே: மாட்டுத்தாவணி பக்கம் ஹோட்டல் ஹாலில் இலவச முட்டிவலி முகாம் நடந்தது. "ஆபரேஷன் வேண்டாம், ஸ்டெம் செல் ஊசி போட்டால் ஜவ்வு வளர்ந்துவிடும்" என்றார்கள். ஒரு முட்டிக்கு 60,000 ரூபாய். இரண்டுக்கும் முன்பணம் கட்டிவிட்டேன். போட்டுக்கொள்ளலாமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், திருமங்கலம்

ப: பணத்தைக் கட்டிவிட்டுக் கேட்கிறீர்களே சார்! ஊசி இன்னும் ஏறவில்லை, அதுவரைக்கும் லாபம்.

வளர்ந்த ஆளின் எலும்பு மஜ்ஜையிலும் கொழுப்பிலும் ஸ்டெம் செல் இருப்பது நிஜம். அதை எடுத்து முட்டியில் ஏற்றினால் தேய்ந்த ஜவ்வு பழையபடி முளைத்துவிடும் என்பதற்குத்தான் நிரூபணம் இல்லை. முட்டித் தேய்மானத்துக்கு நம் நாட்டில் ஒப்புதல் பெற்ற ஸ்டெம் செல் மருந்து ஒன்று உண்டு. பெங்களூரு கம்பெனி தயாரிப்பு, 2022இல் அனுமதி கிடைத்தது. தானமாகப் பெற்ற மஜ்ஜையிலிருந்து வளர்த்த செல்கள் அவை. அதுவும் இரண்டாம், மூன்றாம் கட்டத் தேய்மானத்துக்குத்தான். எலும்போடு எலும்பு உரசும் நிலைக்கு அல்ல. உங்களுக்குப் போடப்போவது அதுதானா? மருந்தின் பெயரையும் பேட்ச் நம்பரையும் எழுதித் தரச் சொல்லுங்கள். உங்கள் கையிலேயே ரத்தம் எடுத்து, மெஷினில் சுற்றி, மேலே தெளியும் மஞ்சள் நீரை முட்டியில் போட்டால் அதன் பெயர் பி.ஆர்.பி. அது ரத்தத்தின் தட்டணு (பிளேட்லெட்) சரக்கு, ஸ்டெம் செல் இல்லை. போர்டில் ஒன்று, ஊசியில் வேறொன்று என்று நடக்கிற இடங்கள் உண்டு.

இனி, நான் விடாமல் புலம்பும் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் அனுப்பிய ரசீதைப் பார்த்தேன். பாதி கிழித்த வெள்ளைத்தாள். "அட்வான்ஸ்" என்று ஒரு சொல், தொகை, பச்சை மையில் ஒரு கிறுக்கல். டாக்டர் பெயர் இல்லை, பதிவு எண் இல்லை, என்ன சிகிச்சை என்றே இல்லை. விளக்குத்தூணில் இருநூறு ரூபாய்க்குச் சேலை எடுத்தாலும் இதைவிட நல்ல பில் தருவார்கள். முறையான பில் தராமல் இருப்பதே நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். நாம் கேட்டால்தானே? கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வாராம்! அம்மாவின் முட்டிக்கென்று நானும் ஒரு காலத்தில் காந்தப் படுக்கை வாங்கினேன். விற்றவர் வாயில் வந்தது "வலி நிவாரணக் கருவி", பில்லில் இருந்தது "மெத்தை – 1". அப்புறம் எங்கே போய் வாதாடுவது? அது இன்னும் பரணில் கிடக்கிறது. வாயால் சொன்னது பேப்பரில் வராவிட்டால் பணத்தை எண்ணாதீர்கள். கட்டியதையும் எழுத்து மூலமாகத் திருப்பிக் கேளுங்கள்.

கே: ஆப்பிள் ஸ்டெம் செல் கிரீம், 2,400 ரூபாய். சுருக்கம் போகுமா?
– கே.கே. நகர்

ப: டப்பாவில் உயிருள்ள செல் எதுவும் இருக்காது. ஆப்பிளை வாங்கிச் சாப்பிடுங்கள்.

கே: என் மகனுக்கு ஆட்டிசம். வெளியூர் மையம் ஒன்றில் அவனுடைய மஜ்ஜையிலேயே ஸ்டெம் செல் எடுத்துப் போட்டார்கள். மூன்று தவணை, நாலே கால் லட்சம். நகையை விற்றுக் கட்டினேன். பேச்சு வரவில்லை. "இன்னும் இரண்டு தவணை போட்டால் வரும்" என்கிறார்கள். ஏமாந்தது என் தப்புதானே?
– ஒரு தாய், மேலூர்

ப: இல்லம்மா. பிள்ளை ஒரு வார்த்தை பேசிவிடாதா என்று தவிக்கும் தாயிடம் விற்றவன் தப்பு அது. இனி ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டுதல்படி, ரத்தம் சார்ந்த நோய்களுக்கான மஜ்ஜை மாற்று மாதிரியான அங்கீகரித்த சிகிச்சை தவிர மற்றதெல்லாம் ஆராய்ச்சிதான். ஆராய்ச்சி என்றால் நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது.

காசு வாங்கிச் செய்யும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995லேயே சொல்லிவிட்டது. பிரச்சினை எழுந்து இரண்டு வருடத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போட வேண்டும். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், அந்த ஊருக்கு அலைய வேண்டியதில்லை. கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணமும் இல்லை. வக்கீல் கட்டாயம் கிடையாது. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் போட்டு விவரம் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் அவர்கள் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் ஒன்றையும் அழித்துவிடாதீர்கள், அதுதான் உங்கள் சாட்சி. பையனின் பேச்சுப் பயிற்சியை நிறுத்த வேண்டாம்.

கே: வெள்ளையடிக்கும்போது கண்ணில் சுண்ணாம்பு தெறித்துவிட்டது. வலது கண் வெள்ளையாகிவிட்டது. "நல்ல கண்ணிலிருந்து ஸ்டெம் செல் எடுத்து வைக்கலாம்" என்கிறார் டாக்டர். இதுவும் ஏமாற்றா?
– கொத்தனார், அவனியாபுரம்

ப: இது அசல். கருவிழியின் ஓரத்தில் இருக்கும் ஸ்டெம் செல்தான் அதன் மேல்தோலைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும். சுண்ணாம்பு அதைப் பொசுக்கிவிடும். நல்ல கண்ணின் ஓரத்தில் சின்னத் துணுக்கு எடுத்து, பொடியாக நறுக்கி, கெட்ட கண்ணில் பரப்பி ஒட்டுகிறார்கள். இந்த எளிய முறை ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் மருத்துவமனையிலிருந்து 2012இல் வெளிவந்தது. உங்கள் கண்ணுக்குப் பொருந்துமா என்பதை இன்னொரு கருவிழி நிபுணரிடமும் காட்டிக் கேளுங்கள். மதுரைக்காரருக்குக் கண் ஆஸ்பத்திரிக்கு நான் வழி சொல்லவா வேண்டும்?

கே: பேத்தியின் பால் பல்லை ஸ்டெம் செல் லாக்கரில் வைக்கச் சொல்கிறார்கள்.
– சிம்மக்கல்

ப: நம் நாட்டில் காசுக்குச் சேமிக்க, மேலே சொன்ன 2017 வழிகாட்டுதல் இடம் தருவது தொப்புள்கொடி ரத்தத்துக்கு மட்டும். அதையும் "குழந்தைக்கே பின்னால் உதவும்" என்று விற்பதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை. பரம்பரை ரத்த நோய் என்றால் அதே கோளாறு அந்த ரத்தத்திலும் இருக்கும். பல்லைக் கூரைமேல் எறியுங்கள்.

கே: கல்லூரியில் கன்னத்தின் உள்பக்கம் பஞ்சால் தடவி, ஸ்டெம் செல் தானத்துக்குப் பெயர் எழுதிக்கொண்டார்கள். முதுகெலும்பில் ஊசி போடுவார்களோ என்று அம்மா பயப்படுகிறார்.
– மாணவர், உசிலம்பட்டி

ப: முதுகெலும்பைத் தொடவே மாட்டார்கள். ரத்த நோயாளி யாருக்காவது உங்கள் செல் பொருத்தம் அமைந்தால் உங்களுக்கு நாலைந்து நாள் ஊசி போட்டு, மஜ்ஜைச் செல்களை ரத்தத்துக்கு வரவைப்பார்கள். பிறகு ஒரு கையில் ரத்தம் எடுத்து, மெஷின் வழியாகச் செல்லைப் பிரித்துக்கொண்டு, மறு கையில் திருப்பி விடுவார்கள். அந்த நாட்களில் உடம்புவலி இருக்கும், அப்புறம் போய்விடும். சில சமயம் மயக்கம் கொடுத்து இடுப்பெலும்பிலிருந்து எடுப்பதும் உண்டு. கூடப்பிறந்தவர் ஒருவர் முழுதாகப் பொருந்தவே நாலில் ஒரு வாய்ப்புதான், அதனால்தான் வெளியாரைத் தேடுகிறார்கள். காசு தர மாட்டார்கள், நீங்களும் கேட்கக் கூடாது. போன் நம்பர் மாறினால் மட்டும் அவர்களுக்குச் சொல்லிவிடுங்கள்.