அந்த அம்மா கத்தினது நியாயம்தான் தம்பி

மன்னார்குடியிலிருந்து ஜெர்மனி வந்து மூன்று வாரம்தான் ஆகிறது, பூங்காவில் மணலில் விளையாடிய குழந்தைகள் அழகாக இருந்தார்களே என்று போனில் எடுத்தேன், ஒரு அம்மா ஓடிவந்து அழிக்கச் சொல்லிக் கத்திவிட்டார், என் நிறத்தைப் பார்த்துத்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை தம்பி. வெள்ளைக்காரன் எடுத்திருந்தாலும் இதே கத்துதான் விழுந்திருக்கும்.

நான் சுவாமிமலைக்காரன், இங்கே வந்து பதினாலு வருஷம். நமக்கு இது உறைக்க நாளாகும். நம் பக்கம் நடவு வயலில் போனைத் தூக்கினால், நாற்றுமுடியைக் கையில் பிடித்துக்கொண்டே "என்னையும் எடு தம்பி, பேப்பர்ல வருமா?" என்பார்கள். என் அப்பாயி மட்டும், படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்று முந்தானையை இழுத்து மூடிக்கொள்ளும். ரேஷன் கார்டுக்கு எடுத்த ஒரே ஒரு படம்தான் இருக்கிறது, அதிலும் முறைப்பு.

இங்கே முகம் அவரவர் சொத்து. 1898-ல் ஜெர்மனியின் முதல் சான்சலராக (பிரதமர் மாதிரி) இருந்த பிஸ்மார்க் செத்த இரவு, இரண்டு புகைப்படக்காரர்கள் ஜன்னல் வழியாக நுழைந்து பிணத்தைப் படம் பிடித்துவிட்டார்கள். அந்தக் களேபரம் ஓயாமல் 1907-ல் சட்டமே வந்தது: சம்மதம் இல்லாமல் ஒருவர் படத்தை வெளியிடக் கூடாது. ஊர்வலம், பெருங்கூட்டம், கட்டடத்தை எடுக்கையில் ஓரமாக நடந்துபோகிறவர், இதற்கெல்லாம் விலக்கு உண்டு. அந்தச் சட்டம் பிடிப்பது எடுப்பதை அல்ல, வெளியே போடுவதை. ஆனால் நீங்கள் எங்கே போடுவீர்கள் என்று அந்த அம்மாவுக்கு எப்படித் தெரியும்? 2010-ல் தெருத்தெருவாகப் படமெடுத்து இணையத்தில் காட்டும் கூகுள் ஸ்ட்ரீட் வியூ வந்தபோது, ஆளை விடுங்கள், வீட்டு வாசலையே மங்கலாக்கச் சொல்லி சுமார் 2,44,000 வீட்டுக்காரர்கள் கேட்ட நாடு இது.

"நம்ம ஊரில் யாரும் இதற்குக் கோபப்பட மாட்டார்கள்" என்று எழுதியிருந்தீர்களே, அதுதான் எனக்கு ஒத்துவரவில்லை. ஒரு ஆடிப்பெருக்கன்று காவிரிப் படித்துறையில் அக்கா முங்கி எழுந்து, ஈரப்புடவையோடு காதோலை கருகமணியை ஆற்றில் விட்டுக்கொண்டிருந்ததை, கேமராவும் கையுமாக வந்த எவனோ எடுத்திருக்கிறான். ஒரு வாரம் கழித்து யாருடைய வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலோ 'டெல்டா அழகு' என்று அது சுற்றியது. அக்கா சண்டை போடவில்லை, யாரிடம் போய்ப் போடுவது? மறுவருஷம் ஆற்றுக்கே வரவில்லை. கொல்லையில் அடிபம்புப் பக்கம் மஞ்சள் பிள்ளையார் பிடித்துவைத்துக் கும்பிட்டு முடித்துவிட்டது.

சரி, உங்களுக்கு வேண்டியது: குழந்தைகள் விளையாடும் இடம், நீச்சல்குளம், இங்கெல்லாம் போனை வெளியே எடுக்கவே வேண்டாம். விபத்து என்றால் கட்டாயம் கூடாது, அடிபட்டுக் கிடப்பவரை எடுத்தால் 2 வருஷம் வரை உள்ளே வைக்கலாம். மற்றபடி போனைக் காட்டிப் புருவத்தைத் தூக்கினாலே போதும், பாதிப்பேர் சிரித்துத் தலையாட்டுவார்கள். அப்புறம், அந்தப் படத்தை அழித்தேன் என்கிறீர்கள், போனில் குப்பைத்தொட்டிக்குள்ளும் ஒருதரம் பாருங்கள், அங்கே இன்னும் கிடக்கும்.