பிரிட்டனில் ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு உணவுப் பொருள் வாங்குவது

அன்புள்ள தம்பிக்கு,

கோவையிலிருந்து லெஸ்டருக்கு அண்மையில் குடிவந்ததாகவும், மகனுக்கு நிலக்கடலையும் எள்ளும் ஒவ்வாது, மனைவிக்குப் பால் செரிக்காது என்றும் எழுதி, ‘வீகன்’ என்று அச்சிட்ட பொருட்களை மட்டும் வாங்கினால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. விலங்கிலிருந்து பெறும் எதையும் சேர்க்கவில்லை என்பதற்கு மேல் அந்தச் சொல் எதற்கும் உறுதி தருவதில்லை. வீகன் பாலாடைக்கட்டி பலவும் முந்திரியில் செய்யப்படுகிறது, கொண்டைக்கடலையை அரைத்துச் செய்யும் ஹம்மஸில் எள் விழுது இருக்கிறது.

உங்கள் வீட்டில் இருப்பவை இரண்டு வேறு சிக்கல்கள். மனைவிக்குப் பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரைதான் காரணம் என்று மருத்துவர் சொல்லியிருந்தால், ‘லாக்டோஸ் ஃப்ரீ’ பாலைத் தாராளமாக வாங்கலாம். அது லாக்டோஸைச் சிதைக்கும் நொதி சேர்த்த பசும்பால்தான். ஆனால் பாலின் புரதமே ஒவ்வாத பிள்ளை விருந்துக்கு வந்தால் அதைக் கொடுத்துவிடாதீர்கள்.

மகனுக்காகப் படிக்கும்போது, சேர்மானப் பட்டியலை முதலிலிருந்து கடைசி வரை படியுங்கள். இங்குள்ள சட்டப்படி 14 ஒவ்வாமைப் பொருட்களை அந்தப் பட்டியலுக்குள்ளேயே தடித்த எழுத்திலோ வேறு வகையிலோ தனித்துக் காட்ட வேண்டும். நிலக்கடலை, எள், பால், கடுகு, லூபின் எல்லாம் அதில் அடக்கம். லூபின் என்பது ஐரோப்பிய ரொட்டிகளிலும் கேக்குகளிலும் சேரும் ஒரு பயறு மாவு; நிலக்கடலை ஒவ்வாத சிலருக்கு அதுவும் ஒவ்வாது என்பதால் மருத்துவரிடம் கேட்டு வையுங்கள். ‘மே கன்டெய்ன்’ (கலந்திருக்கலாம்) என்ற எச்சரிக்கையோ சட்டம் கட்டாயப்படுத்தாதது. உற்பத்தியாளர் விரும்பினால் போடுவது. ஆகவே அது இல்லாத பொட்டலத்தில் கடலைத் துணுக்கு கலந்திருக்காது என்று முடிவு செய்ய முடியாது, ஐயம் இருந்தால் நிறுவனத்துக்கு எழுதிக் கேட்க வேண்டும்.

நம்மவர் கடைகளில்தான் கூடுதல் கவனம் தேவை என்பது என் உறுதியான கருத்து. ஊரில் அச்சான உறையில் ஒவ்வாமைப் பொருட்களைத் தனியாகக் குறிப்பிடும் வரி இந்தியச் சட்டத்தின் பட்டியலைப் பின்பற்றுகிறது. நிலக்கடலை அதில் உண்டு, எள்ளும் கடுகும் இல்லை. இட்லிப்பொடியோ முறுக்கோ வாங்கும்போது அந்த வரியில் எள் இல்லையே என்று நிம்மதி அடையாமல், முழுச் சேர்மானத்தையும், இறக்குமதியாளர் ஒட்டிய ஆங்கிலச் சீட்டையும் சேர்த்துப் படியுங்கள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் வைத்துவிட்டு வாருங்கள். 2024 செப்டம்பரில், இந்தியாவிலிருந்து வந்த கடுகுத்தூளில் நிலக்கடலை கலந்திருக்கலாம் என்று தெரியவந்து, கடுகு சேர்ந்த உணவுகளையே தவிர்க்கும்படி நிலக்கடலை ஒவ்வாதவர்களுக்கு பிரிட்டனின் உணவுத் தர முகமை அறிவித்தது. எந்த உறையைப் படித்தாலும் அந்தக் கலப்படம் கண்ணில் பட்டிருக்காது. அந்த முகமையின் ஒவ்வாமை எச்சரிக்கைகளை மின்னஞ்சலில் இலவசமாகப் பெறலாம், இன்றே பதிந்துகொள்ளுங்கள்.

கடையிலேயே செய்து, வாடிக்கையாளர் வருமுன் பொதிந்து வைக்கும் சாண்ட்விச் போன்றவற்றிலும் 2021 அக்டோபர் 1 முதல் முழுச் சேர்மானம் அச்சிட வேண்டும். உறையில் குறிப்பிடாத எள் சேர்ந்த ரொட்டியைத் தின்று 2016-இல் இறந்த நடாஷா என்ற 15 வயதுப் பெண்ணின் பெற்றோர் போராடிப் பெற்ற சட்டம் அது. உணவகங்களும் அந்த 14 பொருட்களைப் பற்றிய தகவலைத் தரக் கடமைப்பட்டவை. கேட்கக் கூச்சப்படாதீர்கள், பரிமாறுபவர் தயங்கினால் சமைப்பவரிடமே கேளுங்கள்.

வழக்கமாக வாங்கும் பிஸ்கட் என்றாலும் ஒவ்வொரு முறையும் படியுங்கள். சேர்மானமும் தொழிற்சாலையும் மாறுவதுண்டு. மருத்துவர் மகனுக்கு அட்ரினலின் ஊசிப் பேனா எழுதிக் கொடுத்திருந்தால், இரண்டு எப்போதும் அவனுடன் இருக்கட்டும். மூச்சுத் திணறினாலோ தொண்டை வீங்கினாலோ உடனே ஊசியைப் போட்டு, அவசர உதவி எண்ணான 999-ஐ அழைத்து ‘அனஃபிலாக்சிஸ்’ (உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமைத் தாக்கம்) என்று சொல்லுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை அவனை எழுந்து நடக்க விடாதீர்கள்.