மாமியாருக்கு ஆவி பறக்க வெந்நீர், மகனுக்கு ஐஸ் தண்ணீர்: எது உடம்புக்கு நல்லது?

கேள்வி: எங்கள் வீட்டில் ஆளுக்கொரு விதமாகக் குளிக்கிறோம். மாமியாருக்கு 72 வயது, 18 வருடமாகச் சர்க்கரை. பாதம் மரத்துப் போயிருக்கிறது, ஆவி பறக்க ஊற்றினால்தான் இதமாக இருக்கிறது என்கிறார். கணவர் பிபி மாத்திரை சாப்பிடுகிறார். வெந்நீரில் குளித்துவிட்டு வந்தால் சில நாள் கிறுகிறுக்கிறது. ஜிம்முக்குப் போகும் மகன் வாளியில் ஐஸ் கட்டியைக் கொட்டிக் குளிக்கிறான், எதிர்ப்புச் சக்தி கூடுமாம். எனக்கு ராத்திரி தூக்கம் சீக்கிரம் வருவதில்லை. போன மாதம் குளியலறையில் கேஸ் கீசர் மாட்டினோம். வெந்நீரா, பச்சைத்தண்ணீரா, எது நல்லது? (ஈரோட்டிலிருந்து ஒரு வாசகி)

பதில்: மகனுடைய ஐஸ் குளியல்தான் உங்களை எழுத வைத்திருக்கும் என்று நினைக்கிறேன். ஆனால் கடிதத்தைப் படித்ததும் எனக்குக் கவலை வந்தது உங்கள் மாமியாரின் பாதத்தை நினைத்துத்தான். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பல வருடம் சர்க்கரை இருந்தால் பாதத்து நரம்புகள் பழுதாகும், சூடு சரியாக உறைக்காது. நமக்குச் சுரீரென்று சுடுகிற தண்ணீர் அவருக்கு இளஞ்சூடாகத்தான் தெரியும். அதனால்தான் 'இதமாக இருக்கிறது' என்று இன்னும் சூடு கேட்கிறார். 60 டிகிரி தண்ணீர் ஐந்தாறு விநாடி பட்டாலே தோல் ஆழமாக வெந்துவிடும். வயதானவர்களின் மெல்லிய தோலுக்கு அவ்வளவு நேரம்கூட வேண்டாம். வலி தெரியாததால், மறுநாள் படுக்கை விரிப்பில் ஈரத்தைப் பார்த்த பிறகுதான் கொப்புளம் உடைந்ததே தெரியவரும். சர்க்கரை உள்ளவர்களுக்கு அந்தப் புண் ஆற மாதக்கணக்காகலாம். விரலை எடுக்க வேண்டிய நிலைமைக்கும் போகலாம்.

அவருக்கு விளாவும்போது வாளியில் பச்சைத்தண்ணீரை முதலில் பிடியுங்கள், அப்புறம் வெந்நீரை ஊற்றுங்கள். சூடு மேலேயே நிற்கும், அடிவரை கையை விட்டுக் கலக்க வேண்டும். பதம் பார்ப்பது நீங்களாகவோ மகனாகவோ இருக்கட்டும், முழங்கையை விட்டுப் பாருங்கள்: சுடவும் கூடாது, குளிரவும் கூடாது. 37, 38 டிகிரி போதும். அவரே கையை விட்டுப் பார்ப்பதை நம்ப வேண்டாம். விரல் நுனியிலும் உணர்ச்சி குறைந்திருக்கலாம். குளித்தபின் கால் விரலிடுக்கை ஒற்றித் துடைத்து, குதிகாலில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவலாம். விரலிடுக்கில் மட்டும் வேண்டாம். தினமும் உள்ளங்காலை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். மரத்துப்போன உணர்ச்சியைத் திரும்பக் கொண்டுவர மருந்து கிடையாது, ஆனாலும் அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது பாதத்தைக் காட்டுங்கள்.

கணவருக்கு ஏன் கிறுகிறுக்கிறது என்றால், வெந்நீர் பட்டதும் தோலிலுள்ள ரத்தக் குழாய்கள் விரியும், பிபி இறங்கும். மாத்திரையும் அதையேதான் செய்கிறது. இரண்டும் சேர்ந்தால் சட்டென்று எழும்போது தலை சுற்றும். சூட்டைக் குறைத்து, ஸ்டூலில் உட்கார்ந்து, பத்து நிமிடத்துக்குள் குளித்துவிட்டு மெதுவாக எழட்டும். தாழ்ப்பாள் போட வேண்டாம். அப்படியும் தொடர்ந்தால், உட்கார்ந்தும் நின்றும் பிபி பார்க்கச் சொல்லுங்கள். மாத்திரையை அவராக நிறுத்தக் கூடாது. வெந்நீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று ஒரேயடியாகப் பச்சைத்தண்ணீருக்குத் தாவவும் வேண்டாம். சில்லென்ற தண்ணீர் திடீரென்று பட்டால் மூச்சு வாங்கும், நெஞ்சு படபடக்கும், பிபி ஏறும். தலையில் முதலில் ஊற்றினால் பக்கவாதம் வரும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதற்கு ஆதாரம் கிடையாது. ஆனாலும் காலில் ஆரம்பித்து மேலே வருவது நல்ல பழக்கம், உடம்பு பதறாது.

சரி, மகன் விஷயத்துக்கு வருகிறேன். நெதர்லாந்தில் 3,018 பேரை வைத்து நடத்திய ஓர் ஆய்வு 2016-இல் வெளியானது. வழக்கம்போல் வெந்நீரில் குளித்து, கடைசியில் 30 முதல் 90 விநாடி மட்டும் குளிர்ந்த தண்ணீரில் நின்றார்கள், 30 நாள். உடம்புக்கு முடியாமல் வேலைக்கு லீவு போடுவது 29 சதவீதம் குறைந்தது. ஆனால் நோயாக இருந்த நாட்கள் குறையவில்லை. நோய் வந்தது, சமாளித்து வேலைக்குப் போனார்கள், அவ்வளவுதான். 30 விநாடிக்கும் 90 விநாடிக்கும் வித்தியாசமே இல்லை. இதற்கு ஐஸ் எதற்கு? காலையில் குழாயில் வருகிற தண்ணீரே போதும், அந்தச் சுறுசுறுப்பு உண்மையானதுதான்.

எடை தூக்கிய கையோடு ஐஸ் தண்ணீரில் இறங்கினால் அவன் ஆசைப்படுவதற்கு நேர்மாறாகவும் நடக்கும். 2015-இல் வந்த ஆய்வொன்றில், 12 வாரமும் ஒவ்வொரு முறை எடைப் பயிற்சி முடிந்ததும் 10 டிகிரி தண்ணீரில் 10 நிமிடம் உட்கார்ந்தவர்களுக்குத் தசை வளர்ச்சி குறைவாகவே இருந்தது. இதைக் காட்டினால் ஐஸை அவனே விட்டுவிடுவான் என்று நினைக்கிறேன்.

உங்கள் தூக்கத்துக்கு வெந்நீர்தான். படுப்பதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்னால், 40 டிகிரியை ஒட்டிய சூட்டில் பத்து நிமிடம் குளியுங்கள். கை, கால் தோலில் ரத்த ஓட்டம் கூடி உள்சூடு வெளியேறும், உடம்பின் உள்வெப்பம் இறங்க இறங்கத் தூக்கம் வரும். குளித்த உடனே படுத்தால் இது அவ்வளவாகப் பலிக்காது. தோல் வறண்டு அரித்தால் மட்டும் சூட்டைக் குறையுங்கள்.

கடைசியாகக் கேஸ் கீசர். அதைக் குளியலறைக்குள் மாட்டியிருப்பது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. எரிவாயு சரியாக எரியாதபோது கார்பன் மோனாக்சைடு வரும். வாசனை கிடையாது, கண்ணுக்கும் தெரியாது. குளிருக்காக ஜன்னலை அடைத்த சின்ன அறையில் சில நிமிடத்தில் ஆளை மயக்கிவிடும், உயிரும் போகும். ஆளை வரவழைத்துக் கீசரை வெளிச்சுவரில் காற்றோட்டமான இடத்துக்கு மாற்றுங்கள், குழாய் வழியாக வெந்நீர் மட்டும் உள்ளே வரட்டும். மாற்றும்வரை, வாளியில் வெந்நீர் பிடித்து, கீசரை அணைத்து, கதவு ஜன்னலைத் திறந்து காற்றாட விட்ட பிறகு குளியுங்கள். குளிக்கும்போது யாருக்காவது தலைவலி, குமட்டல், தள்ளாட்டம் என்றால் உடனே வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து 108-ஐக் கூப்பிடுங்கள். கேஸ் கீசர் ஓடிக்கொண்டிருந்தது என்பதை ஆஸ்பத்திரியில் மறக்காமல் சொல்லுங்கள்.