அமெரிக்காவில் விலை குறைந்த நல்ல பர்பன் விஸ்கிகள் கடைகளிலிருந்து ஏன் காணாமல் போகின்றன?

ஒரு பாட்டிலை வைத்தே சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் ஏறக்குறைய இதே கதைதான்.

கென்டக்கியில் ஹெவன் ஹில் என்ற கம்பெனி, தன் பெயரிலேயே ‘பாட்டில்ட் இன் பாண்ட், 6 ஆண்டு’ என்று ஒரு பர்பன் போட்டுக்கொண்டிருந்தது. பர்பன் என்பது மக்காச்சோளத்தை முக்கியமாக வைத்து வடிக்கும் அமெரிக்க விஸ்கி, 6 ஆண்டு என்பது அது மரப் பீப்பாயில் கிடந்த காலம். வெள்ளை லேபிள், திருகு மூடி, பார்வைக்கு ஒன்றும் கிடையாது. கடையில் கீழ்த்தட்டில் கிடக்கும். விலை 13, 14 டாலர். மாநில எல்லையைத் தாண்டினால் கண்ணில் படுவதே அபூர்வம், அதனால் வெளியூர்க்காரர்கள் இந்தப் பக்கம் வந்தால் கார் டிக்கியில் பெட்டி பெட்டியாக ஏற்றிக்கொண்டு போவார்கள். நான் லூயிவில்லுக்கு வேலைக்கு வந்த புதிதில் எனக்கு இதைக் காட்டிக்கொடுத்தது ஆபீசில் இருந்த தூத்துக்குடி அண்ணன் ஒருவர். “தம்பி, மேல்தட்டையே அண்ணாந்து பாக்காதீங்க, கீழ குனிங்க” என்றார். மூடியைத் திறந்ததும் கடலை மிட்டாய் வாசனை, பாகும் வறுத்த வேர்க்கடலையும் சேர்ந்த மாதிரி. ஆல்கஹால் 50 சதவீதம் என்பதால் முதல் வாய் கொஞ்சம் சுள்ளென்று இருக்கும், ஒரு ஐஸ் கட்டி போட்டால் அடங்கிவிடும்.

‘பாட்டில்ட் இன் பாண்ட்’ என்பது சும்மா விளம்பர வாசகம் கிடையாது, 1897இல் வந்த சட்டம். கண்ட சாயத்தையும் கலந்து விஸ்கி என்று விற்ற காலம் அது. ஒரே டிஸ்டில்லரியில், ஒரே பருவத்தில் வடித்ததாக இருக்க வேண்டும், அரசுக் கண்காணிப்பில் உள்ள கிடங்கில் குறைந்தது 4 ஆண்டு கிடக்க வேண்டும், சரியாக 50 சதவீதத்தில் பாட்டிலில் அடைக்க வேண்டும். இவ்வளவையும் செய்து, சட்டம் கேட்டதற்கு மேல் இரண்டு ஆண்டு கூடுதலாகவும் வைத்து, 13 டாலருக்குக் கொடுத்தார்கள்.

2018இல் நிறுத்திவிட்டார்கள். அடுத்த ஆண்டே அதே பெயர் திரும்பி வந்தது, வயது 7, பாட்டில் புதுசு, விலை 40 டாலர்.

ஏன் என்றால், முதலில் அது ஏன் மலிவாக இருந்தது என்று பார்க்க வேண்டும். 1970, 80களில் அமெரிக்கர்கள் வோட்கா பக்கம் சாய்ந்துவிட்டார்கள், பர்பன் தாத்தா குடிக்கிற சரக்கு ஆகிவிட்டது. கிடங்குகளில் பீப்பாய்கள் தேங்கின, வயதான விஸ்கியை மலிவு பாட்டிலில் ஊற்றி விற்பதைத் தவிர வழியில்லை. அந்தக் காலத்து விலைப் பழக்கம்தான் நம் வெள்ளை லேபிள் வரை நீடித்தது. 2000க்கு அப்புறம் காற்று திரும்பியது, எல்லோருக்கும் பர்பன் வேண்டும், அதுவும் வயதானதாக வேண்டும். ஆனால் 2018இல் 6 வயது விஸ்கி வேண்டுமென்றால் 2012இலேயே வடித்திருக்க வேண்டுமே, நினைத்தவுடன் கூட்டிக்கொள்ள முடியாது.

இதில் பலருக்குத் தெரியாத விஷயம், விஸ்கி எங்கேயும் போய்விடவில்லை என்பதுதான். ஹெவன் ஹில் விற்கும் ‘எவன் வில்லியம்ஸ்’, ‘எலைஜா கிரெய்க்’, ‘ஹென்றி மெக்கென்னா’ என்ற பர்பன்கள் எல்லாமே ஒரே தானியக் கலவை: 78 சதவீதம் மக்காச்சோளம், மீதி ரை என்ற தானியமும் முளைகட்டிய (மால்ட்) பார்லியும். எந்தப் பீப்பாய் எந்த லேபிளுக்குப் போகிறது என்பதை அதன் வயதும், கிடங்கில் அது இருந்த இடமும்தான் தீர்மானிக்கின்றன. 2016இல் எலைஜா கிரெய்க் பாட்டிலிலிருந்தே ‘12 ஆண்டு’ என்பதை எடுத்துவிட்டு, 8 முதல் 12 வரை வயதுள்ளவற்றைக் கலக்கிறோம் என்றார்கள். அங்கேயே பற்றாக்குறை என்றால், 6 வயதுப் பீப்பாயை 13 டாலர் பாட்டிலில் யார் ஊற்றுவார்கள்? அது இன்னும் இரண்டு ஆண்டு கிடந்தால் இரட்டிப்பு விலைக்குப் போகுமே.

வைத்திருப்பதற்கும் செலவு உண்டு, ஒத்துக்கொள்கிறேன். பீப்பாயிலிருந்து ஆண்டுதோறும் கொஞ்சம் ஆவியாகிக்கொண்டே இருக்கும், போதாததற்குக் கிடங்கில் உறங்குகிற பீப்பாய்க்கும் கென்டக்கியில் வருஷா வருஷம் சொத்து வரி (2026இலிருந்து 2043க்குள் படிப்படியாக எடுக்கிறார்கள்). ஆனாலும் ஒரு ஆண்டு கூடுதலுக்கு மூன்று மடங்கு விலை என்பது எந்தச் செலவுக் கணக்கிலும் வராது. வாங்க ஆள் இருக்கிறான், அவ்வளவுதான். அந்த ஆளை உருவாக்கியதில் என்னைப் போன்ற ரசிகர்களுக்கும் பங்கு உண்டு, பார்க்கிறவனிடமெல்லாம் புகழ்ந்துகொண்டிருந்தோம் இல்லையா. இன்னொரு வழியிலும் பாட்டில் காணாமல் போகும்: 10 வயது ஹென்றி மெக்கென்னாவுக்கு 2019இல் சான் பிரான்சிஸ்கோ மதுப் போட்டியில் சிறந்த விஸ்கிக்கான பரிசு கிடைத்தது, கொஞ்ச நாளிலேயே தட்டு காலி. அது நிறுத்தப்படவில்லை, ஆனால் பழைய விலையில் பார்த்ததோடு சரி.

இப்போது நிலைமை மறுபடி மாறுகிறது. கென்டக்கியில் ஜனத்தொகையைவிடப் பீப்பாய்கள் பல மடங்கு அதிகம், விற்பனையோ மந்தம், பிரவுன் ஃபோர்மன் என்ற இன்னொரு விஸ்கி கம்பெனி 2025இல் லூயிவில்லில் இருந்த தன் பீப்பாய்த் தொழிற்சாலையையே மூடியது. விலை இறங்கலாம். ஆனால் வெள்ளை லேபிள் 13 டாலருக்குத் திரும்பும் என்று நான் நம்பவில்லை, ஒருமுறை 40க்கு விற்ற பெயரை எந்தக் கம்பெனியும் கீழ்த்தட்டுக்கு இறக்காது.

நான் இப்போது வாங்குவது எவன் வில்லியம்ஸ் பாட்டில்ட் இன் பாண்ட், அதுவும் வெள்ளை லேபிள்தான், 20 டாலருக்குள் கிடைக்கும். வயது போட்டிருக்காது, கொஞ்சம் முரடு, ஆனால் குடும்ப ஜாடை தெரியும். தனியாரிடம் பழைய பாட்டில்களை வாங்கி விற்க 2018இலிருந்து கென்டக்கிக் கடைகளுக்குச் சட்டம் இடம் கொடுக்கிறது, அப்படி ஒரு கடையில் பழைய 6 ஆண்டைப் பார்த்தால் ஆசைப்பட்டு 100, 150 என்று கொடுத்துவிடாதீர்கள். நல்ல சரக்குதான், ஆனால் அவ்வளவு நல்ல சரக்கு இல்லை.